மருமகள் போட்ட ஊசி

மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் எலும்பு டாக்டரை ஆயுளுக்கும் மறப்பதில்லை. கடைத்தெருவில் கண்டால் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறார்கள். பேரன் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அதே ஆபரேஷன் முழுக்கத் தலைமாட்டில் நின்று, மூச்சும் நாடியும் ரத்த அழுத்தமும் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டவளை அவர்களுக்கு அடையாளம்கூடத் தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. முதுகில் ஊசி போட்டவள் முகத்தை யார் பார்த்தார்கள்?

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மயக்க டாக்டரம்மா என்ற பெயரே நிலைத்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அறைக்கதவில் ஒரு பலகையில் இருக்கிறது. அந்தப் பலகையைத் துடைக்கிறவரைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டியவள். நின்றே பிழைப்பு நடத்தியதில் காலில் நரம்பு சுருண்டு, சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும். வீடு போய்ச் சேர்ந்ததும் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசல் பக்கத்து நாற்காலியில் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் மறுபடியும் பச்சை உடுப்பு, மறுபடியும் யாருடைய முதுகோ.

வயதானவர்களின் முதுகெலும்பு லேசுப்பட்ட சங்கதி அல்ல. மேஜை ஓரத்தில் உட்காரவைத்து, மடியில் ஒரு தலையணையைக் கொடுத்து, "இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு முதுகை நல்லா வளைங்கப்பா" என்பாள். அவர்கள் தலையை மட்டும் குனிவார்கள். கட்டை விரலால் எலும்பு எலும்பாகத் தடவி, ஊசி நுழைய ஓர் இடுக்குத் தேடவேண்டும். வயதான முதுகில் அந்த இடுக்கெல்லாம் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டு கிடக்கும். ஊசி சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்ததும் அதன் பின்பக்கம் தெளிந்த நீர் சொட்டும். அந்தச் சொட்டைக் காணும்வரை அவளுக்கு மூச்சு வராது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அப்படித்தான். மருந்தைச் செலுத்திப் படுக்கவைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சைக் காலிலிருந்து மேலே ஒற்றிக்கொண்டே போவாள். "இங்க ஜில்லுன்னு இருக்கா? இங்க?" ஜில்லிப்பு தெரியாத இடம்வரைக்கும் மரத்துவிட்டது என்று கணக்கு. ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பார். இடுப்புக்குக் கீழே மட்டும் அவருடையது இல்லாத மாதிரி கிடக்கும்.

மரத்துப்போவதோடு நின்றால் கவலையில்லை. அந்த மருந்து ரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடும். இளவட்டம் தாங்கும். எண்பது வயது இதயம் திணறும். அழுத்தம் சரசரவென்று இறங்கும். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பாட்டிக்கு அப்படி இறங்கியது. ஓடி ஓடி மருந்து கொடுத்து மேலே கொண்டுவந்துவிட்டாள். பாட்டி பிழைத்தும்விட்டார். ஆனால் மறுநாள் மகனைப் பார்த்து, "தம்பி யாரு?" என்று கேட்டார். கடைசிவரை அந்த மகனை அவருக்குத் தெரியவில்லை. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. வயதானால் இப்படியெல்லாம் ஆகும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சில நிமிஷம் மூளைக்கு ரத்தம் போதாமல் போயிருக்குமோ என்ற எண்ணம் அவளை மட்டும் விடவில்லை.

அதிலிருந்து பிறந்ததுதான் அவளுடைய ஆராய்ச்சி. வயதானவர்களுக்கு வழக்கமான செறிவு வேண்டுமா, அதே மருந்தைப் பாதியாக நீர்க்கச் செய்து போட்டால் போதாதா? கேள்வி என்னவோ இவ்வளவுதான். பதில் தேட இரண்டு வருஷம் பிடித்தது. இடுப்போ முட்டியோ ஆபரேஷனுக்கு வரும் பெரியவர்களிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கி, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து, பாதிப் பேருக்கு நீர்த்த மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பக்கத்து அறையில் இன்னொரு டாக்டர் கலந்து, ஒரே அளவில் ஒரே நிறத்தில் ஊசியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவள் போடுவாள். அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பாள். நடுநடுவே குனிந்து, "வலி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பாள்.

எல்லாம் முடிந்து, யாருக்கு எது என்பதைப் பிரித்துப் பார்த்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. நீர்த்த மருந்து வாங்கியவர்களுக்கு அழுத்தம் ஏறக்குறைய இறங்கவே இல்லை. வலியா? இரண்டு பக்கமும் ஒரே பதில்தான்: இல்லை. தலைமை டாக்டர் சாதாரணமாக யாரையும் பாராட்டிவிடக் கூடியவர் அல்ல. அவரே எழுந்து வந்து கை கொடுத்தார். "மாநாட்டுல நீயே பேசு. உன் பேர்தான் முதல்ல வரும். அடுத்த மாசத்துலேருந்து இங்க வர்ற பெரியவங்க எல்லாருக்கும் இதையே வழக்கமாக்கிடலாம்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பை வாசலிலேயே கழற்றிப்போட்டுவிட்டு நேராக உள்ளே போய், கணவனிடமும் மாமியாரிடமும் சொன்னாள். கணவன், "சபாஷ்" என்றான். மாமியார், "அப்போ சம்பளம் ஏறுமா?" என்றார். ஏறாது என்றதும், "பிறகென்ன?" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மாமியாரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். குறை சொல்வதில் அவரை மிஞ்ச இன்னொருவர் பிறந்து வரவேண்டும். மின்விசிறி வேகமாகச் சுற்றினால் சளி பிடிக்கும் என்பார். மெதுவாகச் சுற்றினால் இதற்கு எதற்குக் கரண்டு என்பார். புதுச் செருப்பு கடிக்கும், பழைய செருப்பு வழுக்கும். கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த உடனே, சுவரில் ஒட்டடை தெரிகிறது என்றார். மருமகளையும் விட்டுவைக்கமாட்டார். "ஊரையெல்லாம் மயக்கிட்டு வர்றா, வீட்டுக்கு வந்தா அவளே மயங்கி விழுந்துடறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு அழுகை வரும். பிறகு கோபம் வந்தது. இப்போதெல்லாம் இரண்டும் வருவதில்லை. இரண்டுக்கும் தெம்பு வேண்டுமே.

மாநாட்டுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வேலைக்கு நடுவில் செய்தி கேட்டு, போட்டது போட்டபடி ஓடினாள். வலியில் முனகிக்கொண்டிருந்த மாமியார் அவளைப் பார்த்ததும், "அந்தத் தரைக்கு வேற கல்லு போடச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்" என்றார். அவள் மனசுக்குள் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். மாமியாருக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். நாடி வேகமெடுக்காமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். சொந்த வீட்டு ஆளுக்குத் தானே மயக்கம் கொடுப்பது நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு டாக்டரை ஏற்பாடு செய்தும் விட்டாள். மாமியார் கேட்டால்தானே. "வீட்டுல ஒருத்தி இதுக்குன்னே படிச்சிருக்கும்போது வெளியாளா? கண்டவங்ககிட்ட முதுகைக் காட்டமாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தார். கணவன் வழக்கம்போல இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, டீ வாங்கிவருவதாகச் சொல்லி நழுவிவிட்டான்.

எந்த மருந்து என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆராய்ச்சிதான் முடிந்துவிட்டதே. நீர்த்ததையே எடுத்தாள். இரண்டு வருஷம் ஊரார் முதுகில் பார்த்து உறுதி செய்துகொண்டதை இப்போது சொந்த வீட்டு முதுகில் போடுகிறோம் என்று நினைத்து, இடுக்கை இன்னொரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். நீர் சொட்டியது, மருந்து போனது. பஞ்சை ஒற்றினாள். எல்லாம் சரி.

ஆபரேஷன் நினைத்ததைவிட இழுத்தது. எலும்பு மாவாக இருக்கிறது, ஆணி பிடிக்கவில்லை என்று எலும்பு டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். தட்டுகிற சத்தம் கேட்டபடி இருந்தது. அவள் திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுத்தம் இறங்கவே இல்லை. சொல்லப்போனால் லேசாக ஏறித்தான் இருந்தது. அவளுக்கு மனசு குளிர்ந்தது. குனிந்து, "அத்தை, வலி ஒண்ணும் இல்லையே?" என்றாள். மாமியார் கண்ணை மூடியபடி தலையை ஆட்டினார். ஒரு குறை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அவரை அப்படி வாயடைத்து அவள் பார்த்ததே கிடையாது. மருந்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வார்டில் பாலை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் பழைய ஆளாகிவிட்டிருந்தார். தலையணை கல் மாதிரி இருந்தது, பக்கத்துப் படுக்கைக்காரி குறட்டை விட்டாள், பாலில் தண்ணீர். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அந்த எலும்பு டாக்டர் இருக்கானே, அவனுக்குக் கை ரொம்பக் கனம். ஒவ்வொரு அடியும் உசிரு போயிட்டு வந்துச்சு" என்றார்.

"தட்டுற அதிர்ச்சி தெரியும் அத்தை. அது வலி இல்லை" என்றாள் அவள், ஸ்பூனை நீட்டியபடி.

"நாலு பெத்தவ நான். எனக்கு வலி எது, அதிர்ச்சி எதுன்னு தெரியாதா?"

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. "வலிச்சுதா? நிஜமாவா?"

"முதல்ல ஒண்ணும் இல்லை. போகப் போகத்தான். கடைசில நல்லாவே வலிச்சுது."

"நான் கேட்டேனே அத்தை. நீங்க தலையை ஆட்டினீங்களே. சொல்லியிருந்தா அந்த நிமிஷமே வேற மருந்து குடுத்திருப்பேனே."

மாமியார் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன்கூட வேலை பாக்கறவங்க அத்தனை பேரும் அங்க நின்னாங்க. அந்த நர்ஸுப் பொண்ணு, எலும்பு டாக்டரு, எல்லாரும். நான் வலிக்குதுன்னு கத்தினா என்ன பேசுவாங்க? மருமக போட்ட ஊசி மாமியாருக்கே பிடிக்கலைன்னு பேச மாட்டாங்களா? மாநாட்டுக்கு வேற போகப்போற. அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

இத்தனை வருஷமாக மின்விசிறிக்கும் செருப்புக்கும் வாயை மூடாத மனுஷி, எலும்பில் ஆணி இறங்கும்போது மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் அவளுடைய மானத்துக்காக. அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். கூடவே இன்னொன்றும் தோன்றியது. வலி இருந்தால் அழுத்தம் ஏறும். படிக்கிற பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. நாடியை மாத்திரை பிடித்துவைத்திருக்கிறது, அதனால் நாடி வேகமெடுக்கவில்லை. அழுத்தம் மட்டும் ஏறி நின்றிருக்கிறது. தான் பார்த்து மனசு குளிர்ந்துபோன அந்த எண், மருந்தின் மகிமை இல்லை. மாமியார் கடித்த பல்.

அப்படியென்றால் மற்றவர்கள்?

ஆபரேஷன் முடிந்தவர்கள் காலைக் காட்ட வரும் நாளில் அவள் எலும்பு டாக்டரின் அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். ஆராய்ச்சியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் ஒரு தையல்காரர், நீர்த்த மருந்து வாங்கியவர். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்ததே அவளுக்கு ஆச்சரியம். பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா பேச்சுக் கொடுப்பது போலக் கேட்டாள். மனிதர் மென்று விழுங்கினார். அவள் விடவில்லை.

"கொஞ்சம் இருந்துச்சும்மா. இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார் கடைசியில். "நீங்க குனிஞ்சு கேட்டீங்க. உங்க கண்ணைப் பார்த்தேன். பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க. நம்ம வேற எதுக்குத் தொந்தரவு குடுக்கணும்னு இருந்துட்டேன்."

முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும். அவ்வளவே போதுமாக இருந்திருக்கிறது. களைப்பை யாருக்கும் காட்டாமல் வேலை பார்ப்பதாக அவள் இத்தனை காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் கேட்டாள். வழக்கமான மருந்து வாங்கியவர்கள் யோசிக்கவே இல்லை, "வலியா? நான் தூங்கியே போயிட்டேன்" என்றார்கள். மற்றவர்களில் பலர் முதலில் இல்லை என்றார்கள், பிறகு லேசாக என்றார்கள், பிறகு வேறு பேச்சுக்கு மாறினார்கள். ஒரு அம்மாள், "நீங்க வலி இல்லையேன்னு கேட்டீங்க. இல்லைங்கற பதிலை எதிர்பார்த்துக் கேக்கறவங்ககிட்ட, இருக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்துவிட்டாள். திரும்பி வருவதற்கும் அலுப்பாக இருந்ததால் வீடுவரைக்கும் நடந்தே போனாள்.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் வராமலில்லை. வந்தது, இரண்டு நாள் கூடவே இருந்தது. அவள் பொய் எழுதவில்லையே. இல்லை என்று அவர்களே வாயால் சொன்னதைத்தானே எழுதினாள்? இந்த ஒன்றை விட்டால் அவள் பெயரைச் சொல்ல வேறு என்ன இருக்கிறது, அந்தக் கதவுப் பலகையைத் தவிர? ஆனால் அடுத்த மாதம் முதல் வருகிற பெரியவர்கள் அத்தனை பேரும் அதே மேஜையில் படுத்துக்கொண்டு தலையை ஆட்டப்போகிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் மாமியாரின் மூடிய கண்தான் முன்னால் வந்து நின்றது.

தலைமை டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வலி இல்லைன்னு அவங்க சொன்னதுதானே கணக்கு? இப்போ போய்க் கேட்டா ஆயிரம் சொல்லுவாங்க. எல்லாம் கூடிவர்ற நேரத்துல ஏன் இப்படிப் பண்றே?"

"அழுத்தம் இறங்காம நின்னதே வலியாலதானோன்னு சந்தேகமா இருக்கு சார். நான் கேட்ட விதமும் சரியில்லை. வேற ஆளு கேட்கணும், வேற மாதிரி கேட்கணும், கையையும் முகத்தையும் பார்க்கணும். இன்னும் கொஞ்சம் செறிவு கூட்டியும் பார்க்கலாம். மறுபடியும் முதல்லேருந்து செய்யணும்."

"மாநாடு?"

"போகலை சார்."

அவர் மேஜையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பிறகு, "மாமியார் பேச்சைக் கேட்டு ஆராய்ச்சியைக் கைவிட்ட முதல் மருமக நீயாத்தான் இருப்பே" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. "சரி, எல்லாருக்கும் பழைய மருந்தே போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வீட்டில் மாமியார் கட்டிலில் சாய்ந்து, எதிர்ச் சுவரில் நாள்காட்டி கோணலாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்ததும், "மாநாட்டுக்கு என்னிக்குக் கிளம்பறே? என் சின்னப் பொண்ணுகிட்டயும் எதிர் வீட்டுலயும் சொல்லிட்டேன். பேப்பர்ல போட்டோ வருமான்னு கேட்கறாங்க" என்றார்.

சம்பளம் ஏறாது என்றதும் டிவி பக்கம் திரும்பியவர்தான். எதிர் வீடுவரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. மருந்து போதவில்லை, ஆராய்ச்சியை மறுபடி செய்யவேண்டும், மாநாட்டுக்குப் போகப்போவதில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் சொன்னதாலயா?" என்றார் மாமியார்.

"நீங்க சொன்னதால தெரிஞ்சுது அத்தை. நல்லதுதான்."

"என்ன நல்லது?" மாமியாரின் முகம் சிவந்தது. "உன் பேரு கெடக்கூடாதுன்னுதானே அவ்வளவு வலியையும் முழுங்கிட்டுக் கிடந்தேன்? இப்போ என் வாயாலேயே கெட்டுச்சுன்னு சொல்றே. அப்போ நான் பட்டதெல்லாம் எதுக்கு? இப்படித்தான் முடியும்னு தெரிஞ்சிருந்தா முதல் அடிக்கே கூரை பிய்யக் கத்தியிருப்பேனே."

"கத்தியிருக்கணும் அத்தை" என்றாள் அவள். "நீங்க ஒருத்தராவது கத்தியிருக்கணும்."

அதைச் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷம் போனதற்காகவா, மாமியார் பட்ட வலிக்காகவா, தலையை ஆட்டிய அத்தனை பெரியவர்களுக்காகவா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடிந்திருக்காது. மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த பக்கத்தை மெதுவாக நகர்த்தி, முகம் சுளித்து, "ஆ, வலிக்குதுடி" என்று வாய்விட்டுச் சொன்னார். அப்படியே இன்னும் கொஞ்சம் நகர்ந்து, கட்டிலில் அவள் காலை நீட்டிப் படுக்க இடம் விட்டார்.